யானையைப் பட்டினி போட்டவள்

யானைக்கு மயக்க ஊசி போடுவதில், ஊசி போடுவதுதான் சுலபம். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நான் துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்ப்பது, யானை சுருண்டு விழுவது, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது என்று அவர்களாகவே ஒரு சினிமா ஓட்டிக்கொள்கிறார்கள். மயங்கிய யானையின் துதிக்கை நுனிக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று காத்திருப்பதுதான் என் தொழிலில் முக்கால்வாசி. அதை யார் படம் எடுப்பார்கள்?

மேற்கே மலைக்காடுகளில் பல வருஷம் அந்த வேலை பார்த்தேன். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறாளே என்று மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்தப் பக்கம் வந்தேன். நான் இல்லாமல் அம்மா தவிக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டது அது. வந்த பிறகுதான் நான் அவளுக்கு இடைஞ்சல் என்று தெரிந்தது. குடவாசலுக்கும் நன்னிலத்துக்கும் நடுவில் ஒரு கால்நடை மருந்தகம் எனக்குக் கிடைத்தது. மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குக் கழிச்சல் மருந்து. "காட்டு யானையையே படுக்க வச்ச கையி, இப்ப கோழிக்குச் சளி பாக்குது" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். கோழிக்கும் உயிர்தான்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பெண் யானை இருந்தது. குட்டியாகக் காட்டிலிருந்து வந்தது. கருங்கல் தரையிலேயே நின்று நின்று வளர்ந்தது. ஒரு மாசி மாதத் தொடக்கத்தில் கோயில் தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பழைய மிராசு குடும்பம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இவர் ஒருவர்தான் ஊரில். நான் போனபோது யானை முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. நகத்துக்கு மேலே வீங்கி, ஓரத்தில் சீழ் கசிந்தது. கிட்டே போனாலே நாற்றம். உள்ளே எவ்வளவு தூரம் புரையோடியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பாகன் பக்கத்தில் கைகட்டி நின்றார். கழுவ விடுகிறது, கத்தியைக் கண்டால் உதைக்க வருகிறது என்றார்.

தர்மகர்த்தாவுக்கு வேறு கவலை. திருவிழா வந்துகொண்டிருந்தது. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் யானை நடக்க வேண்டும்.

"டாக்டரம்மா, வாழப்பழத்துல வச்சு ஏதாவது குடுத்துடுங்க. வலி தெரியாம அன்னைக்கு ஒரு நாள் நடந்துடும். அப்புறம் சாவகாசமா வைத்தியம் பாத்துக்கலாம்" என்றார்.

"வலி தெரியாம நடந்தா கால் போயிடும்."

"ஒரு நாளுதானே?"

"ஒரு நாள் போதுங்க. யானைக்குக் கால் போச்சுன்னா யானையே போச்சு. அதால மூணு கால்ல நிக்க முடியாது."

அவர் முகம் கறுத்துவிட்டது. நான் அவர் முகத்துக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை. என்ன செய்யவேண்டும் என்று சொன்னேன். நின்றபடியே யானையை அசர வைக்க வேண்டும். அசந்து நிற்கும்போது சீழ்க்கட்டியைத் திறந்து, அழுகிய நகத்தைச் செதுக்கி, கழுவி, கட்டுப்போட வேண்டும். முடிந்ததும் மாற்று ஊசி போட்டு எழுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கொட்டகையில் முடியாது. கல் தரை, பக்கத்திலேயே மதில். அசந்த யானை தவறி விழுந்தால் பக்கவாட்டில் விழ இடம் வேண்டும். நெஞ்சு அழுந்தப் படுத்துவிட்டால் தன் எடையே அதன் மூச்சை அடைத்துவிடும். மண் தரை வேண்டும், நிழல் வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும்.

கோயிலைச் சுற்றி எல்லாம் வயல்தான், அதிலும் பாதி அவர் வயல். சம்பா அறுத்தாகிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் அறுப்புக்கு முன்னாலேயே நெற்பயிருக்குள் உளுந்தை விதைத்துவிடுவோம். அறுத்து முடிக்கும்போது தாளுக்கு நடுவில் உளுந்து பச்சைப் பசேலென்று எழுந்து நிற்கும். "முளைச்சு நாலு இலை விட்டுருக்கும்மா. யானைய விட்டு மிதிக்கச் சொல்றீங்களா?" என்றார். சாமிக்காக யானை நடக்கலாம், யானைக்காக உளுந்து சாகக் கூடாது. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லிப் பொருமினேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "நம்ம வயல்ல நிறுத்து."

"உளுந்து?"

"மிதிக்கட்டும். அடுத்த வருஷம் உளுந்து வராதா? ஒரு கால் போச்சுன்னா முளைக்குமாடி?"

எங்கள் வயல் என்றால் மூன்று மா நிலம், ஒரு ஏக்கர். கோயிலுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் வரப்பு. தர்மகர்த்தாவின் சித்தப்பா மகன் வெளிநாட்டோடு போய்விட்ட பிறகு விற்றது. பட்டா அம்மா பேரில். அதே வயலில் அவள் பதினைந்து வயதில் நாற்று நட்டிருக்கிறாள், கூலிக்கு. அந்த உளுந்தை அவள் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அதைத்தான் மிதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தைத் தட்டினாள். எங்கள் வீட்டில் எதையும் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டோம். "சரி" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தது பட்டினி. ஊசிக்கு முதல் நாள் காலையிலிருந்தே தீனி கூடாது, ராத்திரிக்கு மேல் தண்ணீரும் கூடாது. இதைக் கோயில் வாசலில் சொன்னதும் ஊரே என்மேல் பாய்ந்தது. தர்மகர்த்தா, மடப்பள்ளியில் சமைப்பவர், பூக்கடைக்கார அக்கா, எல்லாரும்.

"நெல்லு விளையற ஊர்ல யானையப் பட்டினி போடுறதா? அதுவும் கோயில் யானைய!"

"வாயில்லா ஜீவன் வயிறெரிஞ்சா ஊருக்கு ஆகாதும்மா."

"படிச்சவங்களுக்குப் பாவ புண்ணியமே கிடையாதா?"

எனக்கு வந்ததே கோபம். "பட்டினின்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இதே ஊர்ல, இதே நெல்லு விளைஞ்சப்ப, நாங்க பட்டினி கிடந்திருக்கோம். அப்ப யாரும் ஊருக்கு ஆகாதுன்னு சொல்லல. யானைக்கு ஒரு நாள் தீனி இல்லன்னா ஒண்ணும் ஆவாது. தீனியோட மயங்குனாத்தான் ஆவும்" என்றேன். கூட்டம் கலைந்தது. தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் பாகன் யானையை மெல்ல நடத்தி, வாய்க்காலைத் தாண்டி எங்கள் வயலில் கொண்டுவந்து கட்டினார். நொண்டி நொண்டித்தான் வந்தது. மண்ணில் கால் பட்டதும் நின்று, துதிக்கையால் தரையை முகர்ந்தது. பிறகு ஒரு பிடி உளுந்துச் செடியைப் பிடுங்கப் போனதைப் பாகன் அதட்டித் தடுத்தார். நிற்கும் இடத்தைச் சுற்றி இருந்த செடிகளை அவரும் அம்மாவும் குனிந்து பிடுங்கி அப்புறப்படுத்தினார்கள். எதையும் தின்ன விடாமல் பார்த்துக்கொள்ளும்படி இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு நான் மருந்துகளை எடுத்து வைக்கப் போனேன்.

விடிந்ததும் கால்நடை ஆய்வாளரோடு வந்தேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மயக்கத்தில் யானைக்குச் சூடு தாங்காது. ஊசியை ஏற்றுவதற்கு முன்னால் வாயைப் பார்ப்பது என் வழக்கம். பாகன் சொன்னதும் யானை துதிக்கையைத் தூக்கி வாயைத் திறந்தது. நாக்கில் சோற்றுப் பருக்கை. கடைவாயில் விரலை விட்டால் அங்கேயும் சோறு.

"யாரு போட்டது?"

பாகன் தரையைப் பார்த்தார். வரப்பில் நின்ற தர்மகர்த்தா என்னைப் பார்த்தார். வேப்பமரத்தடியிலிருந்து அம்மா எழுந்து வந்தாள்.

"நாந்தான் போட்டேன். என்ன இப்ப?"

"நேத்து உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"சொன்ன. என் வரப்புல வந்து நின்னுக்கிட்டு என் மூஞ்சியையே பாக்குது. நான் மட்டும் தின்னுட்டு அது பாக்க உக்காந்திருக்கவா? பழைய சோறுதான். ஒரு குண்டான்."

ஊரையே வாயடைக்க வைத்துவிட்டு வந்தவள் நான். என் வீட்டுக் குண்டானிலிருந்தே சோறு போயிருக்கிறது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டு ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

"இன்னைக்கு ஊசி கிடையாது."

தர்மகர்த்தா வரப்பிலிருந்து இறங்கி வந்தார். "என்னம்மா இது? யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தக் குண்டான் சோறு இதுக்கு எந்த மூலைக்கு? போட்டு முடிங்க. திருவிழா நெருங்குது."

"வயித்துக்குப் போனது போகட்டும். வாயிலயும் தொண்டையிலயும் இருக்கறது மூச்சுக்குழல்ல போகும். மயக்கத்துல அதுக்கு முழுங்கத் தெரியாது."

"உங்க அம்மா செஞ்ச தப்புக்கு எங்க யானை இன்னொரு நாள் வலியில கிடக்கணுமா? வேற யாராவது சோறு போட்டிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?"

"யாரு போட்டிருந்தாலும் ஊசி கிடையாதுங்க. எங்க அம்மான்னா மட்டும் போட்டுடுவேனா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆய்வாளருக்கு மறுநாள் தடுப்பூசி முகாம். அவரால் வர முடியாது. இருந்த ஒரே துணையும் போயிற்று.

எல்லாரும் போனபின் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். காட்டில் நடந்த ஒன்றை அவளிடம் அதுவரை சொன்னதில்லை. காட்டு யானையிடம் போய், நீ சாப்பிட்டாயா, பட்டினியா என்று கேட்க முடியாது. ஒரு கொம்பன் சோளக்காட்டில் புகுந்து தின்றுகொண்டிருந்தபோதே ஊசி போட வேண்டி வந்தது. வேறு வழியில்லாத நிலைமை, யார் தப்பும் இல்லை. அது மென்றுகொண்டே அசந்தது. வாய் நிறையச் சோளத்தட்டை. நாங்கள் இரண்டு பேர் முழங்கை வரை கையை விட்டு இழுத்து இழுத்துப் போட்டோம். மாற்று ஊசியும் போட்டோம். துதிக்கை நுனியில் வைத்திருந்த என் கையில் மூச்சு வரவேயில்லை.

"சோத்தால சாவுமா?" என்றாள் அம்மா. அவள் வாழ்க்கையில் சோறு இல்லாமல் செத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறாள்.

"சாவும்மா."

அம்மா எழுந்து, வேலியிலிருந்து ஒரு கம்பை உருவி எடுத்துக்கொண்டு போய் யானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் அங்கிருந்து நகரவில்லை. பூக்கடைக்கார அக்கா வாழைப்பழத்தோடு வந்தாள், அம்மா திருப்பி அனுப்பினாள். பிள்ளைகள் பிஸ்கட்டோடு வந்தார்கள், கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள், ஓடிவிட்டார்கள். மடப்பள்ளிக்காரர் பாதி வழியிலேயே திரும்பிப் போனார்.

சாயங்காலம் தர்மகர்த்தாவே வந்தார். கையில் தூக்குவாளி. நான் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"சக்கரப் பொங்கல். சாமிக்குப் படைச்சது. ஒரு வாய் குடுத்துட்டுப் போயிடறேன். பிரசாதத்துக்கு வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்றார்.

அவருடைய அப்பாவை அம்மா 'ஆண்டே' என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர்கள் வீட்டுக் களத்துமேட்டில் கூலி நெல்லுக்கு முந்தானையை விரித்து நின்றிருக்கிறாள். இந்தச் சாயங்காலம் அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"வேண்டாம்னு யாரு சொன்னா? குடுங்க, நான் திங்கிறேன். எனக்கு யாரும் பட்டினி சொல்லல."

அவர் திகைத்துப்போய்த் தூக்கை நீட்டினார். அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யானைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, அவர் கண் முன்னாலேயே கடைசிப் பருக்கை வரை தின்றாள். தூக்கைக் கழுவிக் கொடுத்தாள். "நெய்யி கொஞ்சம் கம்மி" என்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் மாற்றல் வாங்கி வந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை யானையின் வாய் சுத்தமாக இருந்தது. கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லியிருந்தேன். அசந்து நிற்கும் யானை ஒரு சத்தத்தில் விழித்துக்கொண்டு உதைக்கும், அடுத்த நிமிஷம் மறுபடி அசந்து நிற்கும். தோளில் ஊசி போட்டுவிட்டுத் தள்ளி நின்றோம். முதலில் காது வீசுவது மெதுவானது, பிறகு நின்றது. கண் பாதி மூடியது. துதிக்கை கயிறாகத் தொங்கித் தரையில் பட்டது. வாயோரம் எச்சில் வழிந்தது. குறட்டை வந்தது.

நான் காலடியில் உட்கார வேண்டும். பாகன் தலைப்பக்கம் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தக் குரல்தான் அதற்குத் தைரியம். அம்மா ஈரச் சாக்கால் காதை நனைத்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பார்க்க ஆள் இல்லை. வரப்பில் தர்மகர்த்தா நின்றார்.

"ஐயா, இங்க வாங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க, சத்தம் வேண்டாம். உக்காருங்க. துதிக்கை நுனிக்கு நேரா உள்ளங்கைய வைங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் 'வருது'ன்னு சொல்லணும். வரலன்னா உடனே சொல்லணும்."

"நானா?"

"நீங்கதான். உங்க யானைதானே?"

வெள்ளை வேட்டியோடு வயல் மண்ணில் உட்கார்ந்தார். நான் கத்தியை எடுத்தேன். கட்டியைத் திறந்ததும் சீழ் பீய்ச்சி அடித்தது. உள்ளே நான் பயந்ததைவிட ஆழம். எலும்பைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. துதிக்கைப் பக்கமிருந்து "வருது" என்றார் அவர். செதுக்கினேன். "வருது." கழுவினேன். "வருது." நடுவில் ஒருமுறை காதுக்குப் பின்னால் நாடி பார்த்தேன், நாக்கின் நிறம் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. மறுபடி குனிந்தேன். அடுத்த "வருது" வரவில்லை.

"வரலம்மா" என்றார். பிறகு குரல் உடைந்து, "டாக்டரம்மா, வரல!"

பாய்ந்து போனேன். யானை தலையை இன்னும் தாழ்த்தியதில் துதிக்கை மடிந்து, நுனி வயல் வெடிப்புக்குள் அழுந்தியிருந்தது. இரண்டு கையாலும் தூக்கி நேராக்கினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மண்ணும் சளியுமாக ஒரு பெரிய மூச்சு அவர் முகத்திலேயே அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. துதிக்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "வருது, வருது" என்று நான் கட்டுப்போட்டு முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். காது நரம்பில் மாற்று ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு காது அசைந்தது. யானை எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டுப்போட்ட காலை மெல்லத் தரையில் ஊன்றியது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? இரண்டு நாள் கழித்து விழாக் கமிட்டி மருந்தகத்துக்கு வந்தது. தர்மகர்த்தாவும் பின்னால் இருந்தார், பேசவில்லை.

"கால்தான் சரியாயிடுச்சே. புறப்பாட்டுக்கு மட்டும் அதே ஊசியில பாதி போட்டு நடக்க விடுங்க. யானை இல்லாம சாமி வாசல் தாண்டுனதே இல்ல."

"சாமிக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? இதுக்குத்தான் சரியில்ல. கட்டியைத் திறந்திருக்கேன், குழி ஆறணும். கல்லுலயும் தாருலயும் நடந்தா மறுபடி சீழ் வச்சு எலும்பு வரைக்கும் ஓடும். அப்புறம் நான் வந்து பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"மேலிடத்துக்கு எழுதிப் போடுவோம்."

"எழுதுங்க. யானைய நடக்க விடாதவ நாந்தான்னு தெளிவா எழுதுங்க."

புண் ஆறும்வரை யானையை எங்கள் வயலிலேயே கட்டியிருந்தோம். திருவிழா அன்று மாலை நானும் அம்மாவும் அதன் பக்கத்திலேயே நின்றோம். யாராவது வந்து அவிழ்த்துப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், வேறென்ன. மேளம் தொடங்கியது. யானையின் இரண்டு காதும் விரிந்தன. பாகன் பழக்கத்தில் எழுந்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். வாய்க்காலைத் தாண்டி ஒருவர் வருவது தெரிந்தது. தர்மகர்த்தா. பட்டு வேட்டி, பரிவட்டம். நான் போய் யானைக்கு முன்னால் நின்றுகொண்டேன். அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் வரப்போடு நின்றுவிட்டார்.

"சாமியக் கிளப்பச் சொல்லிட்டேன். நாளைக்கு ஊரு கேக்கும், நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேங்க."

யானை இல்லாமல் சாமி புறப்பட்டது. நான்கு வீதியும் சுற்றியது. மறுநாள் ஊர் கேட்கத்தான் செய்தது, டீக்கடையில், பத்துப் பேருக்கு முன்னால். சொன்னேன்: "சாமி போச்சு, திரும்பி வந்துச்சு. யானை போயிருந்தா வந்திருக்காது."